அந்த ஊசி உன் கைக்காக மட்டும்

அன்புள்ள செல்வின்,

நீ அடுத்த அறையில்தான் படுத்திருக்கிறாய். மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே, தலையணையை இடது கைக்கு அடியில் நீ இழுத்து இழுத்து வைப்பது எனக்குக் கேட்கிறது. எழுந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து பேசிவிடலாம். ஆனால் இந்தச் சில வாரங்களாக நாம் பேச ஆரம்பித்தால் இரண்டு வாக்கியம் தாண்டுவதற்குள் என் குரல் உயர்ந்துவிடுகிறது, நீ மாடிக்குப் போய்விடுகிறாய். காகிதத்துக்குக் குரல் இல்லை. அதனால் எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் செம்பைப் பாரமாக வைத்து விரித்தே வைத்துவிடுகிறேன். உன் அம்மாவும் மருமகள் ஜெபாவும் படிக்கட்டும். உன்னைப் பற்றி நாங்கள் மூன்று பேரும் தனித்தனியாகக் கிசுகிசுத்தது போதும்.

இந்த ஒரு பத்தியை எழுதுவதற்குள் பல முறை எழுந்துவிட்டேன். கேட்டைப் பூட்டினேனா என்று போய்ப் பார்த்தேன். பட்டப் பகலில் கேட்டை எதற்குப் பூட்ட வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது. திரும்பி வந்து உட்கார்ந்தால் பேனா மூடியைக் காணவில்லை. "ஒரு இடத்துல இருக்க மாட்டீங்களா? வீடே சுத்துத மாதிரி இருக்கு" என்று உன் அம்மா அடுக்களையிலிருந்து சத்தம் போடுகிறாள். புதன்கிழமை மதுரை மருத்துவமனையில் உன் கழுத்துத் தசைக்கு ஊசி. நீ போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாய். புதன் நெருங்கிக்கொண்டே வருகிறது. நான் எப்படி ஒரு இடத்தில் உட்காருவேன்?

முதலில் எனக்குப் புரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன், வகுப்பில் சொல்வதைப் போல. தவறு இருந்தால் நீ திருத்து. கப்பலுக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தப் பெரிய கிரேனின் கேபினுக்குத் தரையே கண்ணாடி. அதை ஓட்டுகிறவன் நேரே பார்ப்பதில்லை. இரண்டு முழங்காலுக்கும் நடுவே, தன் காலடிக்குக் கீழே பார்க்கிறான். முதுகை வளைத்து, கழுத்தை நீட்டி, இரண்டு கைகளிலும் இரண்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி ஒரு ஷிப்ட் முழுவதும் அப்படியே இருக்கிறான். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு அதைச் செய்து காட்டினாய். கிணற்றுக்குள் மோதிரத்தைத் தேடுகிறவன் போல இருக்கிறாய் என்று நான் சிரித்தேன். வருடக்கணக்கில் அப்படிக் குனிந்தால் கழுத்தின் பக்கவாட்டுத் தசைகள் என்ன ஆகும் என்று அறிவியல் வாத்தியாராக இருந்தும் நான் யோசிக்கவில்லை.

முதலில் தோளில் ஒரு குடைச்சல் என்றாய். பிறகு முழங்கைக்கு உட்புறம், பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும். கையைத் தூக்கினால் மரத்துப் போகிறது, தொங்கவிட்டால் வலிக்கிறது. உன் அம்மா சுளுக்கு என்று எண்ணெய் தடவினாள். நான் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று தீர்ப்புச் சொல்லித் தலையணையைப் பிடுங்கினேன். பிசியோதெரபி செய்கிறவர் கழுத்தை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பத்து முறை நீட்டச் சொன்னார். பத்து நல்லது என்றால் முப்பது இன்னும் நல்லது என்பது என் கணக்கு. பக்கத்தில் நின்று எண்ணினேன். ஆறாம் நாள் உன்னால் சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. "அவன் என்ன ஒங்க ஒம்பதாங் கிளாஸ் பயலா, இம்போசிஷன் குடுக்குததுக்கு?" என்று உன் அம்மா கேட்டாள். நீ அப்போதும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிறகு அந்த மத்தியானம். ஒரு கண்டெய்னரை டிரெய்லர் லாரியின் மேல் இறக்கிக்கொண்டிருந்தாய். கடைசி நேரத்தில் இடது கை விரல்கள் இருக்கும் இடமே தெரியாமல் போனது. பெட்டி லாரியின் ஓரத்தில் இடித்து, லாரி ஒரு பக்கம் எழும்பி விழுந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்து குதித்துவிட்டார். யாருக்கும் காயம் இல்லை. நீ கிரேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாய். மேற்பார்வையாளரிடம் போய், "சார், என் கை எனக்கு அடங்கல. இனி நான் ஏறல" என்று சொன்னாய். யாரும் கேட்பதற்கு முன்னால் நீயாகச் சொன்னாய். இப்போது தரையில், அலுவலகத்தில் உட்கார்ந்து எந்தப் பெட்டி எங்கே என்று கம்ப்யூட்டரில் பார்க்கும் வேலை தந்திருக்கிறார்கள். அன்று நீ செய்ததுபோல நான் என் வேலைக்காலம் முழுவதிலும் ஒன்று செய்ததில்லை. இதை உன் முகத்துக்கு நேரே நான் சொன்னதே இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. சொன்னதெல்லாம், "எப்ப மறுபடி ஏறலாம்னு கேட்டியாலே?" என்பதுதான்.

மதுரை டாக்டரம்மா நமக்குப் படம் போட்டுக் காட்டினார். அதை உன் அம்மாவுக்கு நான் இப்படிச் சொன்னேன். துறைமுக வாசலுக்குப் போகிற சாலையில் இரண்டு ஓரத்திலும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் அல்லவா? நடுவில் இருக்கிற கொஞ்ச இடத்தில் மோட்டார் சைக்கிள்காரன் புகுந்து போவான். இரண்டு பக்கத்து லாரியும் ஒரு சாண் உள்ளே வந்தால் அவன் நசுங்குவான். கைக்குப் போகிற நரம்புக் கொத்து அந்த மோட்டார் சைக்கிள். கழுத்திலிருந்து முதல் விலா எலும்புக்கு இறங்குகிற இரண்டு தசைகள் அந்த லாரிகள். உன் தசைகள் இறுகித் தடித்து நடுவிலே நெருக்குகின்றன. உன் அம்மா உடனே, "அப்ப லாரிய நவுத்த வேண்டியதுதான?" என்றாள். அதுதான் இந்த ஊசி. தசையைத் தளர விடுவது.

அதைச் செய்வதற்கு முன் ஒரு சோதனை வைத்தார்கள். ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே அந்தத் தசையில் மரத்துப்போகும் மருந்தைக் கொஞ்சம் செலுத்தினார்கள். அது சிறிது நேரமே நிற்கும், அந்த நேரத்தில் வலி குறைந்தால் அந்தத் தசைதான் குற்றவாளி என்று தெரிந்துவிடும் என்றார் டாக்டர். கொஞ்ச நேரம் கழித்து நீ வெளியே வந்தாய். நடைபாதையில் கை கழுவும் இடத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து இடது கையால் தலை சீவினாய், வலது கையால் முடியை ஒதுக்கியபடி. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு உன் இரண்டு கையும் தலைக்கு மேலே போனதைப் பார்த்தேன். "மாப்பிள்ள ரெடியாயிட்டாரு, பொண்ணு எங்கன இருக்கு?" என்று ஜெபா கேலி செய்தாள். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே இருந்தவன் சீப்பைப் பார்த்துவிட்டு அப்படியே அமைதியாகிவிட்டாய். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

திரும்ப உள்ளே போனபோது டாக்டர் உன்னிடம், "இந்தக் கையை வச்சு என்ன வேலை பாக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். "கிரேன் ஓட்டணும் டாக்டர்" என்று நான் சொன்னேன். "நான் அவர்கிட்ட கேட்டேன், சார்" என்றார் அவர். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பாடம் படிக்காத பிள்ளையைப் போல இருக்கிறாயே என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில்தான் நீ அந்தக் கேள்வியைப் போட்டாய். மருந்தின் பெயர் பொட்டுலினம் என்று நான் உன் அம்மாவிடம் சொன்னதும் உன் கை தட்டிலேயே நின்றது. "சார்" என்றாய். கோபம் வந்தால் நான் உனக்கு அப்பா இல்லை, சார். "உப்பின டப்பாவத் தொடாதன்னு வகுப்பு முழுசும் கத்தச் சொன்னது நீங்கதான சார்? அதே விஷத்த இப்ப என் கழுத்துல குத்தச் சொல்லுதீங்களே."

நான்தான். மீன் அடைத்த தகர டப்பா ஒன்று மூடி புடைத்துக் கிடந்தது கிடைத்தபோது, அதைக் கண்ணாடி ஜாடிக்குள் வைத்து வகுப்புக்குக் கொண்டுவந்தேன். இதற்குள் ஒரு கிருமி வளர்ந்திருக்கலாம், மனிதன் அறிந்த நஞ்சுகளில் மிகக் கொடியதை அது உண்டாக்கும், தின்றவனின் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து கடைசியில் மூச்சு விடும் தசையும் நின்றுவிடும் என்றேன். அந்த வகுப்பில் நீயும் இருந்தாய். அந்தப் பாடம் இன்றும் சரிதான், ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். நான் பாதியில் நிறுத்தியிருந்தேன், அவ்வளவுதான். மீதிப் பாதி இது. நரம்பு, தசைக்கு 'இறுகு' என்று சொல்லி அனுப்புகிறது. அந்தச் செய்தி தசையிடம் போய்ச் சேருகிற வாசலில் இந்த நஞ்சு உட்கார்ந்துகொள்கிறது. டப்பாவிலிருந்து வயிற்றுக்குப் போனால் உடம்பு முழுவதும் எல்லா வாசலிலும் உட்காரும். டாக்டர் மிக மிகச் சிறிய அளவை ஒரே ஒரு தசைக்குள் வைத்தால் அந்தத் தசை மட்டும் செய்தி கேட்காமல் கொஞ்ச காலம் சும்மா கிடக்கும். உன் தாத்தா ஊரில் பதநீர்க் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள். அளவாகத் தடவினால் பதநீர் புளிக்காமல் இனிக்கும். கூடிவிட்டால் குடித்தவன் வாய் வெந்துவிடும். அதே சுண்ணாம்புதான்.

இதில் நான் எதையும் மறைத்துச் சொல்லக் கூடாது. டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஊசி போட்டதும் பலன் தெரியாது, சில நாட்களிலிருந்து இரண்டு வாரம்வரை ஆகும். பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் தசை தளர்ந்திருக்கும். நரம்புக்கு மூச்சு விட அது ஒரு இடைவேளை. அந்த இடைவேளையில் முறையான பயிற்சி செய்து கழுத்தையும் தோளையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பத்து என்றால் பத்துதான், நான் எண்ண மாட்டேன். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. கேட்டாலும் திரும்பப் போட வேண்டியிருக்கலாம், கடைசியில் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படலாம். ஊசி போட்ட பின் சிலருக்குக் கழுத்து சோர்கிறது, விழுங்கக் கொஞ்ச நாள் சிரமம் வருகிறது, குரல் கம்முகிறது. விழுங்கவோ மூச்சு விடவோ மிகவும் சிரமமானால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். இவ்வளவும் உண்மை. இன்னொன்றும் உண்மை. உன் இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டாக்டர் காட்டினாரே, இடது கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதை மேடு வலது கையைவிடச் சற்று வற்றியிருக்கிறது. நரம்பு நெருக்கப்பட்டே கிடந்தால் அது இன்னும் வற்றும், போன சதை திரும்புவது கடினம் என்றார். நீ ஊசி வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொரு நாளும் எனக்கு அந்த மேடுதான் கண்ணில் நிற்கிறது. நீ தூங்கும்போது வந்து பார்க்கிறேன். கோபிக்காதே.

அந்தப் பதற்றத்தில்தான் போன வாரம் நான் கோயிலில் சீட்டு எழுதிக் கொடுத்தேன். ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிற ஜெப விண்ணப்பச் சீட்டு. நம் சபையில் யார் வீட்டில் என்ன நோய், யாருக்கு விசா வரவில்லை, யார் பிள்ளை பரீட்சை எழுதுகிறது எல்லாம் அந்தச் சீட்டு வழியாகத்தான் ஊருக்குத் தெரியும். நானும் எத்தனையோ பேருக்கு ஆமென் சொல்லியிருக்கிறேன். "மகன் செல்வின் கை சுகமாகி, மறுபடியும் கிரேனில் ஏறி வேலை செய்ய" என்று எழுதினேன். பாதிரி ஐயர் கணீரென்று வாசித்தார். சபை முழுவதும் ஆமென் சொன்னது. பாட்டு எடுப்பதற்குள் நீ எழுந்து வெளியே போய்விட்டாய். வாசலில் ஆளுக்கு ஆள், "தம்பி எப்ப ஏறுதாரு சார்?" என்று கேட்டார்கள். "சீக்கிரம், சீக்கிரம்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் நீ சொன்னது ஒரே வார்த்தை: "புதன்கிழம நான் போவல."

மறுநாள் காலை மாடியில் ஜெபா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சும்மா நடந்துகொண்டிருந்தேன். கையில் ஈரச் சேலையை வைத்துக்கொண்டே நின்றாள்.

"மாமா, ஒண்ணு சொல்லுவேன். கோவப்படக் கூடாது."

"சொல்லும்மா."

"அவுகளுக்கு விஷத்துக்கெல்லாம் பயம் இல்ல. அது ஒங்க வாய அடைக்கச் சொல்லுதது. கை சரியாயிட்டா மறுபடி ஏறணுமே, அதான் மாமா பயம். இப்ப கேட்டா கை வலிக்குன்னு சொல்லிரலாம். கை நல்லாயிட்டா என்னத்தச் சொல்லுவாக?"

"ஏறலன்னு சொல்லிட்டுப் போறான். நான் என்ன, கழுத்தப் பிடிச்சா தள்ளுதேன்?"

"நல்லாருக்கே! சபையே ஆமென் சொல்லிருச்சு. இனி அவுக எப்படி மாட்டேன்னு சொல்லுவாக?"

 அவள் சேலையை உதறிப் போட்டுவிட்டு, பிறகு மெதுவாகச் சொன்னாள். அன்றைக்கு லாரியிலிருந்து குதித்த அந்த ஓட்டுநர், நீ கீழே இறங்கி வந்ததும் உன்னைத் திட்டவில்லையாம். சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே, "ஏலே தம்பி, எனக்கு ரெண்டு பொட்டப்புள்ள இருக்குலே" என்று மட்டும் சொன்னாராம். பிறகு உனக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம். திட்டியிருந்தால் மறந்திருப்பாய் என்றாள் ஜெபா. தூக்கத்தில் உன் இடது கை இழுத்துக்கொள்வது வலியால் மட்டும் இல்லை என்றாள்.

செல்வின், நான் மாடியிலிருந்து இறங்கி வந்து உன் அறை வாசல்வரை வந்தேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். அன்று முழுவதும் என்னால் எதிலும் மனம் வைக்க முடியவில்லை. மருத்துவமனைக் கண்ணாடிக்கு முன்னால் நீ அமைதியானது சந்தோஷம் இல்லை. கை வேலை செய்கிறது, இனித் தப்பிக்க வழியில்லை என்று அந்த நிமிஷத்தில் உனக்குத் தெரிந்திருக்கிறது. நீ உன் கையைக் கொடுத்து அந்தக் கேபினிலிருந்து விலகி நிற்கப் பார்க்கிறாய். சதை வற்றினால் வற்றட்டும், யாரும் ஏறச் சொல்ல மாட்டார்களே என்று. அந்த விலையை உன்மேல் வைத்தவன் நான். நான் கேட்டதெல்லாம் உன் வலியைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிய சீட்டைத் திரும்ப நினைத்துப் பார்த்தால் அதில் பாதி கிரேனைப் பற்றியது.

கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கப் போகும்போது, அந்த உயரமான கிரேன்களைக் காட்டி, "என் பையன் அங்கன இருக்கான்" என்று சொல்வது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அது உனக்குப் பாரமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மகனைக் காட்ட முடியாது, அவன் கட்டடத்துக்குள் இருக்கிறான். அதனால் என்ன? காட்டாமல் இருக்க நான் பழகிக்கொள்கிறேன். வேறு சீட்டு எழுதி ஐயரிடம் கொடுக்கலாமா என்று யோசித்து எழுதியும் பார்த்தேன். கிழித்துவிட்டேன். உன் கழுத்தை இன்னொரு முறை ஊருக்கு நடுவே கொண்டுபோய் வைக்க எனக்கு உரிமை இல்லை. வாசலில் யாராவது கேட்டால், "அது அவன் விஷயம்" என்று சொல்லப் போகிறேன். சொல்லிப் பழகியும் பார்த்தேன். உன் அம்மா கேட்டுவிட்டு, "யாருகிட்ட பேசுதீங்க?" என்றாள்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். ஊசியை உன் கைக்காகப் போட்டுக்கொள். கைக்காக மட்டும். கை என்பது வேலை செய்யும் கருவி என்று நான் பாடம் நடத்தியிருப்பேன், அதை விடு. வலி இல்லாமல் ஒரு பக்கமாகப் புரண்டு படுக்க ஒரு கை வேண்டும். பேருந்தில் மேலே கம்பியைப் பிடிக்க வேண்டும். ஜெபாவோடு சண்டை போட்டால் கையை ஆட்டிப் பேச வேண்டும். அவ்வளவுக்குப் போதும். அதற்கு மேல் கை நன்றாகி, ஒருநாள் உனக்கே ஏறத் தோன்றினால் ஏறு. தோன்றவே இல்லை என்றால் தரையிலேயே இரு. பயப்படுகிறவன் ஏறக் கூடாத இடம் அது என்று உனக்குத் தெரிகிறது. அப்படித் தெரிவது நோய் இல்லை. அதற்கு ஊசியும் வேண்டாம். நீ கை சரியான பிறகும், "கை நல்லாத்தான் இருக்கு, ஏறத்தான் மனசில்ல" என்று தைரியமாகச் சொல். முதலில் என்னிடம் சொல்லிப் பார். நான் என்ன முகம் காட்டினாலும் பொருட்படுத்தாதே.

இன்னும் ஒரு செய்தி இருக்கிறது, அதற்காகத்தான் இன்றே எழுதி முடிக்கிறேன். சற்று முன் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் பேசினாள். அந்த மருந்து குப்பியைத் திறந்துவிட்டால் வைத்திருக்க முடியாதாம், புதன்கிழமைக்கு யார் யார் வருகிறார்கள் என்று உறுதி செய்துகொண்டுதான் எடுத்து வைப்பார்களாம். "பேஷண்ட் வர்றாங்களா சார்?" என்று கேட்டாள். வருவான் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "அவன்கிட்டதாம்மா கேக்கணும்" என்று உன் நம்பரைக் கொடுத்தேன். நாளைக் காலை உன்னைக் கூப்பிடுவாள். உன் அம்மாவை அழைத்துக்கொண்டு நான் அந்நேரம் மீன் வாங்கப் போய்விடுவேன். ஜெபா வேலைக்குப் போயிருப்பாள். வீட்டில் நீ மட்டும்தான் இருப்பாய். நீ என்ன சொன்னாய் என்று வந்து கேட்க மாட்டேன். ஆனால் நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். மீன் வாங்கி முடித்த பிறகும் உன் அம்மாவை மார்க்கெட்டையே இன்னொரு சுற்றுச் சுற்ற வைப்பேன்.

உன் அப்பா